தாம்பாளத்துல வந்த மீனு, கல்லாவுல வந்த கணக்கு: மதுரை மெஸ்ல உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

ஆரப்பாளையத்தான்:

நம்ம ஊர் மெஸ்ல வெளியூர்க்காரங்களோட போய் மாட்டுன அனுபவம் யாருக்காச்சும் இருந்தா சொல்லுங்க, மொதல்ல என் கதைய சொல்லிர்றேன். கடை பேர் வேணாம், ஏன்னா தப்பு கடை மேல இல்ல, பூராம் என் மேலதான்.

எங்க ஆபீசுக்கு கோயம்புத்தூர்ல இருந்து ஒரு சார் ஆடிட்டுக்கு வந்திருந்தாரு, தங்கமான மனுசன், வாங்க போங்கன்னு தவிர பேச மாட்டாரு. மதுரைக்கு வந்துட்டு கறிச்சாப்பாடு சாப்பிடாம போறதான்னு நானும் இன்னொரு பங்காளியும் அவர சிம்மக்கல் பக்கம் ஒரு மெஸ்ஸுக்கு கூட்டிட்டுப் போனோம். மணி ஒன்றரை, உள்ள கால் வைக்க எடமில்ல, சாப்பிட்டுக்கிட்டு இருக்கவங்க முதுகுக்குப் பின்னாடி ஆளு ஆளா நின்னு எப்படா எந்திரிப்பாங்கன்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. அவருக்கு அதுவே ஒரு மாதிரி ஆயிருச்சு, "ஏனுங்க, இப்படி பின்னாடி நின்னா அவங்க எப்படிங்க சாப்பிடுவாங்க"ன்னாரு. அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம் சார்னு ஒக்கார வச்சோம்.

இலை போட்டாச்சு, தண்ணி தெளிச்சாச்சு, சோறு வர்றதுக்கு முன்னாடியே சப்ளையர் அண்ணன் அந்தப் பெரிய தாம்பாளத்த தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. மதுரைக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, மெனு கார்டுன்னு ஒண்ணு நம்ம மெஸ்ல பெருசா யாரும் பாக்குறதில்ல, தாம்பாளந்தான் மெனு கார்டு. சுக்கா, நெஞ்செலும்பு, கோலா உருண்டை, விரால் மீன் வறுவல், நண்டு ஆம்லெட், நடுவுல ஒரு கிண்ணத்துல அயிரை மீன் குழம்பு. "என்ன சார் வைக்கட்டும்"னு கேட்டாரு. நம்ம சார் என்னா நெனச்சாருன்னா, கல்யாண வீட்டுல பந்தியில பரிமாறுற மாதிரி இதெல்லாம் சாப்பாட்டோட சேத்திதான்னு. "எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு வைங்க"ன்னுட்டாரு!!

எனக்கு அப்பவே வயித்துல புளியக் கரைச்சுச்சு. சொல்லியிருக்கலாம்ல? சார் இதுக்கெல்லாம் தனிக் காசுன்னு ஒரு வார்த்த. ஆனா விருந்தாளி இலைக்கு முன்னாடி ஒக்காந்து காசப் பத்தி எப்படிப்பா பேசுறது, நாக்கு வரல. பங்காளி டேபிளுக்கு அடியில என் கால மிதிக்கிறான், நான் அவன் கால மிதிக்கிறேன், சார் பாட்டுக்கு அயிரையப் பத்தி கேக்குறாரு, நானும் அத உயிரோட பால்ல நீந்த விட்டு மண்ணக் கக்க வச்சுத்தான் சார் குழம்பு வைப்பாங்கன்னு வெளக்கம் வேற குடுத்துக்கிட்டு இருக்கேன். விரால் மட்டும் ரெண்டாவது தடவ கேட்டு வாங்குனாரு.

சாப்பிட்டு முடிச்சதும் "நீங்க எந்திரிக்காதீங்க, இன்னைக்கு நாந்தானுங்க"ன்னு சொல்லிட்டு எங்களுக்கு முன்னாடி கல்லாவுக்குப் போயிட்டாரு. வெளிய போர்டுல சாப்பாடு 150ன்னு பாத்திருக்காரு, மூணு பேருக்கு 450, ஒரு ஐநூறு ரூவா நோட்ட நீட்டிட்டு மீதிக்குக் கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. சப்ளையர் அங்க இருந்தே கத்துறாரு: "மூணு சாப்பாடு, ஒரு அயிரை, ஒரு நெஞ்செலும்பு, ஒரு சுக்கா, நாலு கோலா, ரெண்டு விரால், ஒரு நண்டு ஆம்லெட்!" கல்லாவுல இருந்தவரு பேனாவக் கூட தொடல, "ஆயிரத்து தொள்ளாயிரத்து இருவது"ன்னாரு.

சாரோட மொகத்த பாத்திருக்கணுமே. கோவமெல்லாம் இல்ல, அந்த மீன் இன்னும் வாயில இருக்கப்பவே வெல தெரிஞ்ச மாதிரி ஒரு மொகம். நான் ஓடிப்போய் போன எடுத்து ஸ்கேன் பண்ணிக் கட்டுனேன். திரும்பி வர்ற வழி பூராம் ஆட்டோல யாரும் பேசல.

தெற்குவாசல்_பழைய_ஆளு:

தம்பி சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு. நான் ஆறு வருசம் மெஸ்ல சப்ளையரா இருந்தவன், இப்ப வேற தொழில், அதனால சொல்லலாம்.

தாம்பாளத்துல தொழில் சூட்சுமம் இருக்கு. பெரிய மீன் துண்டா பாத்து மேல வைப்போம், எல்லாம் சூடா கண்ணுக்கு முன்னாடி இருந்தா பசியில வந்தவன் கை தானாப் போகும். குடும்பத்தோட வந்தா பிள்ளைங்க பக்கமா சாய்ச்சுக் காட்டுவோம். விருந்தாளியக் கூட்டிட்டு வந்தவன் வெல கேக்கவே மாட்டான், அது வாசல்ல வர்றப்பவே தெரிஞ்சுரும், நீங்க சொன்ன அதே கூச்சந்தான். ஏமாத்து இல்ல, கேட்டா வெல சொல்லாம யாரும் இருக்க மாட்டாங்க, ஆனா கேக்கணும்ல.

ஞாபகம் எப்படி வச்சுக்குவீங்கன்னு நெறைய பேர் கேப்பாங்க. பாதி ஞாபகம், பாதி இலையில இருக்க காலிக் கிண்ணம். அதனாலதான் சாப்பிட்டு முடிச்ச கிண்ணத்த ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஓரமா வைக்கிறவங்களப் பாத்தா எங்களுக்கு எரிச்சலா வரும், உதவி பண்றதா நெனச்சு கணக்க கலைச்சு விட்டுருவாங்க. விட்டுப்போன கணக்கு எங்க தலையிலதான் விடியும்.

இன்னொண்ணு. வெறும் சாப்பாடு மட்டும் வாங்கிட்டு கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன் குழம்புன்னு மூணையும் ஊத்தி வயிறு நெறைய சாப்பிட்டுப் போலாம், சைடிஷ் வாங்கித்தான் ஆகணும்னு எவனும் சொல்ல முடியாது. கீழமாரட் வீதியில மூட்டை தூக்குற ஒரு பெரியவரு தெனம் வருவாரு, தாம்பாளத்த பாக்கவே மாட்டாரு, தலைய குனிஞ்சே சாப்பிடுவாரு. ஒடஞ்ச கோலா ஏதாச்சும் இருந்தா குழம்போட சேத்து ஊத்திட்டு வந்துருவேன். ஒரு நாளும் அதப் பத்தி அவரும் பேசுனதில்ல நானும் பேசுனதில்ல.

அண்ணாநகர்_அக்கா:

எனக்கு நடந்தது வேற மாதிரி. மெஸ்ல இல்ல, கொஞ்சம் பெரிய ஏசி ஓட்டல். பிள்ளைங்க பரீச்ச முடிஞ்சுச்சுன்னு போனோம், பில்லுல சர்வீஸ் சார்ஜுன்னு ஒரு வரி தனியா. வீட்டுக்காரர் "விடுடி, எல்லாரும் பாக்குறாங்க"ங்கிறாரு. நான் விடல. 2022 ஜூலையிலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அத தானா பில்லுல சேக்கக் கூடாதுன்னு சொல்லியாச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அந்த உத்தரவு சரின்னு சொல்லிருச்சு, இஷ்டப்பட்டா நாங்களே டிப்ஸ் குடுப்போம்னு சொன்னேன். மேனேஜர் அங்கிட்டு இங்கிட்டு பாத்துட்டு மறுபேச்சு பேசாம வேற பில் அடிச்சுக் குடுத்தாரு. ஒத்துக்கலைன்னா நுகர்வோர் உதவி நம்பர் 1915க்கு போன் போடலாம்னு இருந்தேன், தேவைப்படல. சப்ளை பண்ண பையனுக்கு கையில அம்பது ரூவா குடுத்துட்டு வந்தேன், அது வேற கணக்கு.

ஜிஎஸ்டியும் பாருங்க. சாதா ஓட்டலுக்கு 5 சதவீதம் உண்டு. ஆனா காம்போசிஷன்னு, விக்கிறதுல ஒரு சின்ன சதவீதத்த கடைக்காரரே தன் கையில இருந்து வரியாக் கட்டுற திட்டத்துல இருக்க சின்னக் கடைங்க நம்மகிட்ட வரின்னு தனியா வாங்கவே கூடாது, பில்லு மேல அதப் போட்டிருக்கணும். எங்க சித்தப்பா அக்கவுண்டன்ட், கல்யாண வீட்டுல கூட இதத்தான் பேசுவாரு.

புதூர்_பரோட்டா:

அக்கா நீங்க எங்க வீட்டுப் பக்கம் வந்துராதீங்க 😂 ராத்திரி பன்னெண்டு மணிக்கு ரோட்டோரக் கடையில பில்லே கெடையாது, "என்ன சாப்ட"ன்னு கேப்பாரு, நம்ம சொல்றதுதான் கணக்கு. நான் ஒரு தடவ கலக்கி சாப்பிட்டத மறந்துட்டு வந்துட்டேன். மறுநாள் போனா மாஸ்டர் பரோட்டாவ அடிச்சுக்கிட்டே நிமிராம "நேத்து ஒரு கலக்கி"ன்னாரு.

ஆரப்பாளையத்தான்:

@தெற்குவாசல் அண்ணே, கிண்ணத்த அடுக்குற விசயம் இவ்வளவு நாளா எனக்குத் தெரியாது, நானும் அடுக்குறவந்தான், மன்னிச்சுருங்க.

கதைக்கு மிச்சம் இருக்கு. அந்த சார் போன மாசம் குடும்பத்தோட மீனாட்சியம்மன் கோயிலுக்கு வந்தாரு, அவரே போன் பண்ணி "அதே கடைக்குப் போலாங்க"ன்னாரு. இந்தத் தடவ தாம்பாளம் வந்ததும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு இது எவ்ளோங்க அது எவ்ளோங்கன்னு ஒவ்வொண்ணா கேக்குறாரு, சப்ளையரும் சலிக்காம சொல்றாரு. எல்லாம் கேட்டு முடிச்சு "ரெண்டு கோலா போதுங்க, மத்தபடி கொழம்பு ஊத்துங்க"ன்னு என்னையப் பாத்து பெருமையா ஒரு சிரிப்பு சிரிச்சாரு.

அதுக்குள்ள அவரு சின்னப் பொண்ணு நண்டு ஆம்லெட்ட எடுத்து பாதி கடிச்சிருந்துச்சு.