அக்கா பிள்ளைகளைச் சிங்கப்பூர் கூட்டிப் போகிறேன்: நான்தான் சித்தி என்று எதை வைத்துக் காட்டுவது?

திருவெறும்பூர் சித்தி:
வணக்கம். மே மாதம் அக்காவின் இரண்டு பிள்ளைகளைத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் கூட்டிப் போக வேண்டும். பெண்ணுக்கு 9 வயது, பையனுக்கு 5. மாமா அங்கே வேலையில் இருக்கிறார். அக்காவும் வருவதாகத்தான் இருந்தது. அவள் மாமியார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கை. அக்காவால் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர முடியாது. பிள்ளைகள் அப்பாவைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிறது, அதனால் நான் கிளம்பிவிட்டேன். மூன்று பேருக்கும் விசா வந்துவிட்டது.

என் பயம் இதுதான். என் பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் என் கணவர் பெயர். பிள்ளைகளுடையதில் மாமா பெயர். மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் யாரோ ஒருத்தி யார் வீட்டுப் பிள்ளைகளையோ கூட்டிப் போகிற மாதிரிதான் இருக்கிறது. உறவு என்று ஒரு எழுத்து இல்லை. அக்காவுக்குப் பாஸ்போர்ட் உண்டு.

இன்னொன்று. என் டிக்கெட்டை நான் போட்டேன், பிள்ளைகளுக்கு மாமா சொல்லி ஒரு ஏஜென்ட் போட்டார். ஒரே விமானம், பிஎன்ஆர் வேறு. பரவாயில்லையா?

டிக்கெட் தம்பி:
அக்கா, டிராவல்ஸில் வேலை பார்க்கிறேன். பிஎன்ஆரை முதலில் கவனியுங்கள். சிஸ்டத்தில் இப்போது இரண்டு பிள்ளைகளும் பெரியவர் துணையில்லாமல் போவதாகத்தான் இருக்கும். 5 வயதுப் பையன் இருப்பதால் கவுன்டரில் கண்டிப்பாகக் கேள்வி வரும். விமான நிறுவனத்துக்குப் போன் போட்டு, "இந்தப் பிஎன்ஆர் பிள்ளைகளோடு இந்தப் பிஎன்ஆர் பெரியவர் போகிறார்" என்று இரண்டிலும் குறிப்பு ஏற்றச் சொல்லுங்கள். சீட்டையும் அப்போதே பக்கத்தில் பக்கத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் நுழைய இணையத்தில் நிரப்பும் எஸ்ஜி அரைவல் கார்டு மூன்று பேருக்கும் போட வேண்டும், குழந்தை என்று விட முடியாது. இறங்குவதற்கு முன், இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையான ஐசிஏ-வின் தளத்தில் இலவசம். பணம் கேட்டால் நீங்கள் வேறு எங்கோ போயிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மணப்பாறை அத்தை:
உறவுக்கு எழுத்து இருக்கிறதும்மா, கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களா? பிள்ளைகள் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் அம்மா பெயர் என்று உங்கள் அக்கா பெயர் இருக்கும். அக்கா பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் உங்கள் அப்பா அம்மா பெயர். உங்கள் கடைசிப் பக்கத்திலும் அதே அப்பா, அதே அம்மா. அக்கா பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டால் சித்தி என்பது தானாக விளங்கிவிடும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

இதோடு சம்மதக் கடிதம் வேண்டும். இங்கிலீஷில் எழுதி, அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போட்டு நோட்டரி முத்திரை. பிள்ளைகள் பெயர், பாஸ்போர்ட் எண், உங்கள் பெயர், எண், போகும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் முகவரி, இரண்டு பேர் போன் நம்பர்.

கரூர் மாமா:
கடிதத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன வருஷம் தங்கை மகனைக் கூட்டிப் போனேன். கடிதம் இருந்தது, தங்கை மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தாள், நோட்டரி இல்லை. போர்டிங் பாஸ் தரும் இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளைக்குப் போன் போட்டால் நைட் ஷிஃப்ட், எடுக்கவில்லை. நாற்பது நிமிஷம் பையன் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றான். கடைசியில் வீடியோ காலில் பேசிய பிறகுதான் விட்டார்கள். நீங்கள் செக்-இன் செய்யும் நேரத்தில் அக்காவும் மாமாவும் போனைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

திருவெறும்பூர் சித்தி:
கடைசிப் பக்கம் எனக்குத் தோன்றவே இல்லை அத்தை, நன்றி. பார்த்தேன், ஒரு சிக்கல். பையன் பாஸ்போர்ட்டில் அக்கா பெயரில் ஒரு 'எச்' கூடுதலாக விழுந்திருக்கிறது. மாமா அங்கே இருக்கும்போது கையெழுத்துக்கு என்ன செய்வது?

மணப்பாறை அத்தை:
இரண்டு எழுத்துக்கூட்டலும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று சம்மதக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள், நோட்டரி முத்திரை அதற்கும் சேர்ந்துதான். திருத்த நேரம் இருக்கும்போது பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்ளலாம்.

இரண்டு கையெழுத்தும் ஒரே தாளில்தான் வர வேண்டும் என்றில்லை. அக்கா இங்கே ஒன்று, மாமா அங்கே ஒன்று. அவர் அங்குள்ள நோட்டரியிடம் போகலாம், இந்திய ஹை கமிஷனிலும் கேட்கலாம். அசல் தாள் உங்கள் கைக்கு வர வேண்டும். சிங்கப்பூரிலிருந்து திருச்சி வருகிற ஆள் யாராவது இருப்பார்கள், கொடுத்துவிடச் சொல்லுங்கள். மாமாவின் ஒர்க் பாஸ், பாஸ்போர்ட் நகலும் கூடவே.

குழந்தைகள் வார்டு நர்ஸ்:
சம்மதக் கடிதத்தில் இன்னொரு வரி: "அவசரத்தில் சிகிச்சைக்கு இவர் சம்மதம் தரலாம்." மாமா வேலையில் இருக்கும் நேரம் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடப்போவது நீங்கள்தான். பிள்ளைகளின் எடை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, தடுப்பூசி அட்டை எல்லாம் போனில் போட்டோவாக இருக்கட்டும்.

காய்ச்சல் மருந்தில் மிகவும் கவனம். பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றும் வரும், 250 என்றும் வரும். பாட்டில் ஒரே மாதிரி இருக்கும். வீட்டில் அக்கா "ஒரு மூடி கொடு" என்று சொல்லிப் பழகியிருப்பார். அந்த மூடி எந்தப் பாட்டில் மூடி என்பதுதான் கேள்வி, மாறினால் அளவு இரண்டு மடங்காகிவிடும். அவர்கள் டாக்டரிடம் எடைக்கு எத்தனை மில்லி என்று எழுதி வாங்கி, அந்தச் சீட்டைப் பாட்டிலிலேயே ஒட்டுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தை எடுத்துப் போகாதீர்கள், சிங்கப்பூரில் முன் அனுமதி இல்லாமல் அது கூடாது.

திருவெறும்பூர் சித்தி:
எல்லோருக்கும் நன்றி. ஒன்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. சின்னவன் அக்காவின் பழைய சுங்குடிப் புடவைக் கிழிசலை முகத்தில் போட்டுக்கொண்டால்தான் தூங்குவான். நைந்து போய் நிறமே போய்விட்டது. ராத்திரி விமானம் வேறு. துவைத்து எடுத்துப் போகவா, புதுசாக ஒரு துண்டு பழக்கவா?

மணப்பாறை அத்தை:
துவைக்கவே துவைக்காதீர்கள். அவனுக்கு அந்தத் துணியில் இருப்பது அம்மா வாசனை. பெட்டியில் போடாமல் உங்கள் கைப்பையில் வையுங்கள். முடிந்தால் இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை வேறு பையில் வையுங்கள், ஒன்று தொலைந்தால் ஒன்று.

இன்னொன்று. அவன் உங்களை எப்படிக் கூப்பிடுவான்? கேட்டால் அம்மா என்று சொல்லு, சுலபமாகப் போய்விடும் என்று சில பேர் சொல்லிக்கொடுப்பார்கள். செய்யாதீர்கள். இருப்பதையே சொல்லட்டும்.

திருவெறும்பூர் சித்தி:
வந்து சேர்ந்துவிட்டோம்! பிஎன்ஆர் குறிப்பு ஏறியிருந்ததால் கவுன்டரில் சீக்கிரம் முடிந்தது. திருச்சி இமிக்ரேஷனில்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. சின்னவன் என்னைச் "சித்திம்மா" என்றுதான் கூப்பிடுவான். அதிகாரி காதில் "அம்மா" மட்டும் விழுந்திருக்கிறது போல. பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மா பெயர் வேறாக இருக்கிறதே என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் "இவங்க எங்கம்மாவோட தங்கச்சி, அம்மா ஆத்தாவைப் பார்த்துக்கிறாங்க" என்று சொல்லிவிட்டாள். அக்கா ஜெராக்ஸையும் என் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். விரலை வைத்து இரண்டு பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்தார், கடிதத்தைப் படித்தார், முத்திரை குத்தினார்.

சாங்கியில் மாமாவைக் கண்டதும் சின்னவன் என் பின்னால் ஒளிந்துகொண்டான். டாக்ஸியில் பாதி வழி வந்த பிறகுதான் துணியோடு அவர் மடிக்குப் போனான்.

கரூர் மாமா:
மனசு நிறைந்தது தங்கச்சி. கடிதத்தின் அசலை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள், திரும்பும்போதும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.