பாம்புக்கு மைட் வந்தால்: உங்களுக்கு என்ன நடந்தது, எப்படிச் சமாளித்தீர்கள்?

மைட் என்பது பாம்பின் மேல் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிற பொடி உயிர். பாம்பு வளர்க்கிறவர்களில் இந்தத் தொல்லையைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் வெளியே சொல்லப் பலருக்கும் கூச்சம், நாம் ஏதோ சுத்தமில்லாமல் வைத்திருப்பதாக அடுத்தவர் நினைத்துவிடுவார்களோ என்று. சுத்தத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. புதிதாக வந்த பாம்போடு வரும், இன்னொருவரிடமிருந்து வாங்கிய பழைய தொட்டியோடு வரும், வேறொரு வீட்டுப் பாம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்த நம் கையோடு, துணியோடு வரும். அதனால் தயங்காமல் எழுதுங்கள், நானே ஆரம்பிக்கிறேன்.

என்னிடம் இருப்பது ஒரு பால் பைத்தான் (பந்து மலைப்பாம்பு), இரண்டு கார்ன் ஸ்நேக். பைத்தான் பகலில் ஒளிவிடத்தை விட்டு வெளியே வராத ஜாதி. அது திடீரென்று தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு கிடக்க ஆரம்பித்தது, எடுத்து வெளியே விட்டாலும் கொஞ்ச நேரத்தில் திரும்ப அதற்குள்ளேயே போய்ப் படுத்தது. சட்டை உரிக்கப் போகிறதோ என்று பார்த்தால் கண்ணும் மங்கவில்லை, தோலும் வெளுக்கவில்லை. கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது அடியில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள், அதில் ஒன்றிரண்டு இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தன.

அப்புறம் பாம்பைக் கையில் எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியபடி ஒரு கண்ணாடிச் செதில்தான் இருக்கும், இல்லையா, அந்தச் செதிலும் சுற்றியுள்ள செதில்களும் சேருகிற வளையத்தில் மைட்கள் வரிசையாகத் தலையை உள்ளே செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தன, பின்பக்கம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. இரத்தம் குடித்து உப்பியவை, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இருக்கும், நல்ல கறுப்பு. கண் ஓரச் செதில் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. தாடைக்கு அடியில் நடுவே ஓடும் கோட்டிலும் கழிவுத்துளையின் ஓரத்திலும் இதே கூட்டம். ஈரமான வெள்ளைத் துணியால் ஒருமுறை உடம்பை உருவினால் துணியில் கறுப்புப் புள்ளிகள், நசுங்கிய இடத்தில் செம்பழுப்புக் கறை. செதில்மேல் அங்கங்கே வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது, அது மைட்டின் எச்சம்.

பாம்பின் மேல் என்ன செய்யலாம் என்றுதான் எல்லோரும் முதலில் ஓடுவார்கள். ஆனால் கண்ணில் படுவது மொத்தக் கூட்டத்தில் ஒரு பங்குதான். இந்த மைட்டின் பெயர் ஓஃபியோனிசஸ் நேட்ரிசிஸ். முட்டை, லார்வா, முதல் குஞ்சுப் பருவம், இரண்டாம் குஞ்சுப் பருவம், வளர்ந்தது என்று ஐந்து நிலை. இதில் முதல் குஞ்சுப் பருவமும் வளர்ந்த மைட்டும் மட்டுமே கடிக்கும், லார்வாவும் இரண்டாம் பருவமும் ஒன்றும் சாப்பிடாமல் தொட்டியிலேயே கிடக்கும். வயிறு நிறையக் குடித்த பெண் மைட் பாம்பை விட்டு இறங்கி, இருட்டும் ஈரமுமான இடுக்கைத் தேடிப்போய் முட்டையிடும், கொஞ்ச நாளில் பசித்துத் திரும்ப ஏறும். ஒரு மைட் வாழ்நாளில் 60 முதல் 80 முட்டை வரை இடும் என்கிறார்கள். முட்டையிலிருந்து வளர்ந்து நிற்க, சூட்டைப் பொறுத்து, சுமார் 13 முதல் 19 நாள். நாம் பாம்புக்காக வைத்திருக்கிற கதகதப்பும் ஈரப்பதமும் அதற்கும் வசதியாகப் போய்விடுகிறது. இன்னொரு கொடுமை, ஆண் மைட்டோடு சேராத பெண்ணும் முட்டையிடும், அதிலிருந்து ஆண் குஞ்சுகள் வரும். ஆக, ஒரே ஒரு பெண் மைட் உள்ளே வந்தாலே போதும்.

அதனால் நான் தொட்டியிலிருந்துதான் தொடங்கினேன். தென்னைநார்த் தூள் மொத்தத்தையும் பையில் கட்டி அன்றைக்கே வெளியே போட்டாயிற்று. மரக்கிளை, மரப்பட்டை எல்லாம் குப்பைக்கு, அந்த ஓட்டைகளையெல்லாம் யார் உட்கார்ந்து சுத்தம் செய்வது. பிளாஸ்டிக் ஒளிவிடங்களையும் கிண்ணத்தையும் கொதிநீரில் போட்டேன். தொட்டியின் மூலை, கதவு ஓடும் தடம், வயர் போகும் ஓட்டை, மூடியின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் தேய்த்துவிட்டு, பிறகு இடுக்கு முனை மாட்டிய வேக்யூமால் ஒருதரம் உறிஞ்சினேன். உள்ளே வெறும் பேப்பர் டவல், ஒரு ஒளிவிடம், ஒரு கிண்ணம், அவ்வளவுதான். பேப்பர் டவல் போடுவதில் பெரிய லாபம், மைட் நடந்தால் வெள்ளையில் பளிச்சென்று தெரியும், சுருட்டித் தூக்கிப்போடவும் சுலபம்.

பாம்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் விட்டேன், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. உடம்பில் இருப்பவற்றில் நிறைய மூழ்கிச் சாகும், மீதியெல்லாம் தண்ணீருக்கு மேலே இருக்கிற தலையை நோக்கி ஏறும். ஈரப் பஞ்சால் தலையைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். குளியலால் பாம்புக்கு ஆறுதல் கிடைக்கும், அதை மட்டும் நம்பினால் மைட் போகாது. கால்நடை மருத்துவர் சொன்னபடி ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்தைத் துணியில் நனைத்துத் தலையை விட்டுவிட்டு உடம்பைத் துடைத்தேன், முட்டையெல்லாம் பொரிந்து வரும் கணக்குப் பார்த்துத் திரும்பவும் துடைத்தேன். கண்ணில் ஒரு மைட்கூடப் படாமல் போன பிறகும் பேப்பர் டவலிலேயே ரொம்ப நாள் வைத்திருந்தேன். கார்ன் ஸ்நேக் இரண்டிலும் ஒன்றுமே தெரியவில்லை, ஆனாலும் அவற்றுக்கும் இதே சடங்கு நடந்தது.

* * *

தம்பி சொன்னதில் கடைசி வரிதான் முக்கியம். ஒரு பாம்பு வைத்திருப்பவர்கள் தப்பித்தார்கள். நான் போவாவும் பைத்தானுமாக ரேக்கில் அடுக்கி வைத்திருக்கிறேன், அங்கே ஒரு டப்பாவில் வந்ததை அந்த டப்பாவோடு நிறுத்தவே முடியாது. பசித்த மைட் நன்றாக நடக்கும், மேலேயும் ஏறும். எனக்கு முதலில் தெரிந்தது நடு வரிசையில் ஒரு பெண் போவாவிடம். அது மட்டும்தான் தண்ணீரில் கிடந்தது, மற்றதெல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தன. ஒவ்வொரு டப்பாவாக இழுத்து வெள்ளைத் துணியால் உருவிப் பார்த்தால் அதற்கு மேல் வரிசையிலும் இருக்கிறது, எதிர்ச் சுவர் ரேக்கிலும் இருக்கிறது. அதனால் தெரிந்த பாம்புக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது வேலைக்காகாது, அறையில் இருக்கிற அத்தனைக்கும் ஒரே நாளில் பார்க்க வேண்டும்.

டப்பாக்களைக் கழுவுவது சுலபம். ரேக்கின் பின்பக்கம் சூட்டு நாடா ஓடுகிற பள்ளம் இருக்கிறதே, அதைக் கழற்றிப் பார்த்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. இருட்டு, கதகதப்பு, யாரும் கை வைக்காத இடம். வெளுத்த மஞ்சள் நிறத்தில் பசித்த மைட்கள் ஓடிக்கொண்டிருந்தன, இடுக்கில் பொடிப்பொடியாக முட்டை. ரேக் வைத்திருப்பவர்கள் அந்தப் பகுதியைக் கழற்றாமல் மைட் ஒழிந்தது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

போவாக்காரர்கள் இதில் கூடுதலாகப் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. இன்க்ளூஷன் பாடி நோய் என்று போவா, பைத்தான்களைக் கொல்கிற ஒரு நோய், 2012இல்தான் அதற்கும் அரீனா வைரஸ் வகைக்கும் உள்ள தொடர்பு தெரியவந்தது. மைட்தான் அதைப் பரப்புகிறது என்று முடிவாக நிரூபணம் ஆகவில்லை, ஆனால் நோய் வந்த கூட்டங்களில் மைட்டும் அடிக்கடி இருந்ததால் சந்தேகம் பலமாகவே இருக்கிறது. ஏரோமோனாஸ் பாக்டீரியா விஷயம் வேறு, அதை மைட் ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் என்று ஜோசப் கேமின் என்ற ஆய்வாளர் 1948இலேயே காட்டிவிட்டார். குட்டிப் பாம்புகளுக்கு இரத்தம் போவதே பெரிய ஆபத்து. வாயின் உட்புறம் வெளுத்துப்போய்த் துவண்டு கிடக்கிற குட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு பரிசோதனை செய்யாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலை செய்யும் வரிசையும் பழக்கத்துக்கு வர வேண்டும். ஆரோக்கியமானவற்றை முதலில் பார்த்து, சந்தேகத்துக்குரியதைக் கடைசியில் தொட்டு, முடித்தவுடன் கை கழுவி, உடுப்பை நேரே சுடுதண்ணீரில் போட்டுவிடுகிறேன். புதிதாக வருகிற எதுவும் குறைந்தது மூன்று மாதம் வேறு அறையில், பேப்பர் மேல். அதற்கு இடமில்லை என்கிறவர்கள் புதுப் பாம்பு வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

* * *

அண்ணா, உங்கள் கட்சியில் நானும் சேர்ந்துகொள்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் பேப்பர் போடு என்பது என் தொட்டிக்குச் சரிப்படவில்லை. என்னுடையது மண், செடி, பாசி, காய்ந்த இலை என்று வருடக்கணக்காக வளர்த்தது. மருந்து அடித்தால் மண்ணில் இருக்கிற மற்ற உயிர்களும் சேர்ந்து போகும். அதனால் நான் வேட்டை மைட்களை விட்டேன், ஸ்ட்ராட்டியோலீலாப்ஸ் சிமிட்டஸ் என்று பெயர், பழைய பெயர் ஹைப்போயாஸ்பிஸ் மைல்ஸ். தோட்டக்காரர்கள் மண்ணில் வரும் கொசு மாதிரிப் பூச்சியின் புழுவை ஒழிக்க வாங்குவார்கள். இவை பாம்பைக் கடிக்காது, மண்ணுக்குள் திரிந்து பாம்பு மைட்டையும் அதன் குஞ்சுகளையும் பிடித்துத் தின்னும். வெளிர்பழுப்பாக இருக்கும், பாம்பு மைட்டை விட வேகமாக ஓடும், முதலில் பார்க்கிறவர்கள் தொல்லை இரட்டிப்பாகிவிட்டது என்று பதறுவார்கள்.

பொறுமை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், மருந்து போல அன்றைக்கே வித்தியாசம் தெரியாது. பாம்பின் கண்ணோரத்தில் புதைந்து உட்கார்ந்திருப்பதை இவை போய்ப் பிடுங்குவதும் இல்லை, அதற்கு நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் தரையில் இறங்கியது திரும்ப ஏறவில்லை, மெல்ல மெல்ல எண்ணிக்கை குறைந்து ஒருநாள் துணி சுத்தமாக வந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: மருந்தும் இதுவும் சேர்ந்து போகாது. மருந்து தெளித்த தொட்டியில் வேட்டை மைட்டை விடுவது காசைக் கரைப்பது. அண்ணா சொல்கிற மாதிரி நிறைய பாம்பு இருந்தாலோ, பாம்பு ஏற்கெனவே இரத்தம் போய்த் துவண்டிருந்தாலோ இந்த வழி வேண்டாம், அதற்கெல்லாம் நேரம் இல்லை.

* * *

என் கதை மருந்தைப் பற்றி. நான் வாங்கிய கிங் ஸ்நேக்குக்கு விற்றவரே கையில் கொடுப்பதற்கு முன்னால் "மைட் வராமல் இருக்க" என்று எதையோ அடித்துக் காற்றோட்டமில்லாத டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து திறந்தபோது உள்ளே ஈரம் காயவில்லை, மூக்கை எரிக்கிற வாடை. பாம்பின் தலை ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. மல்லாத்திப் போட்டால் திரும்பிப் படுக்க முடியவில்லை, உடம்பில் நடுக்கம். உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, காற்றோட்டமான பெட்டியில் மாற்றி மருத்துவரிடம் ஓடினேன். ஊசியில் நீர் ஏற்றினார்கள், கண்காணிப்பில் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டது, ஆனால் குறி பார்த்து இரையைப் பிடிக்கப் பழையபடி வர ரொம்ப நாளாயிற்று. என்ன அடித்தார் என்று விற்றவர் கடைசிவரை சொல்லவில்லை.

மருத்துவர் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பெர்மெத்ரின் வகைப் பூச்சிமருந்தைப் பாம்பின் மேல் அடிக்கக் கூடாது, ஊர்வனவற்றுக்கென்று தயாரித்ததாக இருந்தால் வெறும் தொட்டிக்கு அடித்து, நன்றாகக் காயவிட்டு, வாடை போன பிறகு பாம்பை விட வேண்டும், தண்ணீர்க் கிண்ணத்தை அதற்குப் பிறகுதான் வைக்க வேண்டும். நாய்க்கு விற்கிற அடர்த்தியான மருந்தை எடுத்து ஊற்றவே கூடாது. வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் அதற்கும் விஷம். ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து பாம்புக்கே அளவு தப்பினால் நரம்பைப் பாதிக்கும், ஆமை வளர்க்கிறவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது, ஆமையைக் கொன்றுவிடும். தொங்கவிடுகிற பூச்சிக்கொல்லிப் பட்டைகளை ஒரு காலத்தில் எல்லோரும் பயன்படுத்தினார்கள், அந்தப் புகையில் பாம்பும் சேர்ந்து மூச்சு விடுகிறது என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை. இப்போது நாய்க்குக் கொடுக்கிற அஃபோக்சலானர் போன்ற வாய்வழி மருந்துகளையும் சில மருத்துவர்கள் பாம்புக்கு எடை பார்த்துக் கொடுக்கிறார்கள், அது அவர்கள் கையில் நடக்க வேண்டிய வேலை.

ஆலிவ் எண்ணெய் பூசலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பூசின இடத்தில் மைட் சாகும், உண்மைதான். ஆனால் எண்ணெய் வழிகிற பாம்பைப் பிடிப்பது ஒரு வேலை, அதன்மேல் தூசியும் குப்பையும் ஒட்டுவது இன்னொரு வேலை, தொட்டியில் இருக்கிற முட்டைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

* * *

நன்றி, எல்லோருக்கும். தனியாகச் சிலர் படம் அனுப்பிக் கேட்டிருந்தார்கள், அதற்கும் இங்கேயே பதில்.

ஈரமான மரத்துண்டில் வெள்ளையாக, மெதுவாக ஊர்வது பாம்பு மைட் இல்லை. அழுகலையும் பூஞ்சையையும் தின்கிற வேறு மைட், பாம்புக்கு ஒன்றும் செய்யாது, தொட்டி கொஞ்சம் காய்ந்தால் தானே குறையும். தொட்டால் துள்ளிக் குதித்தால் அது மைட்டே இல்லை, மண்ணில் வாழும் வேறு ஒரு பொடிப் பூச்சி. செதிலுக்கு அடியில் தட்டையாக, பெரிதாக, அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உண்ணி. காட்டில் பிடித்து வந்த பாம்புகளில்தான் அதிகம், ஒவ்வொன்றாக இடுக்கியால் தலைப்பக்கம் பிடித்து எடுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் செல்லோ டேப்பில் ஒட்டி எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், அதே டேப்பை மருத்துவரிடமும் காட்டலாம்.

மனிதரைக் கடிக்குமா என்றால், எப்போதாவது கடிக்கும், கையில் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்பு வரும். ஆனால் நம் மேல் குடியிருக்காது.

சிகிச்சை நடக்கும்போது இரை கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். மருந்து போட்ட அன்று வேண்டாம், மற்றபடி பாம்பு தானாக எடுத்தால் வழக்கத்தை விடச் சின்ன இரையாகக் கொடுங்கள். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள், மைட் இருக்கும்போது சாப்பிடாமல் இருப்பது சகஜம். சட்டை உரிப்பதும் கெடும், துண்டுதுண்டாக வரும், கண்ணின் மேல் பழைய செதில் தங்கிவிடும். அதை நகத்தால் உரிக்கப் போகாதீர்கள், ஈரப்பாசி வைத்த பெட்டியில் விட்டால் அடுத்த சட்டையோடு பெரும்பாலும் போய்விடும், போகாவிட்டால் மருத்துவர் எடுத்துக்கொள்வார். உரித்த சட்டையை மட்டும் தூக்கிப்போடாமல் கண்ணிடத்தையும் தாடைப் பகுதியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பாம்பின் மேல் தெரியாமல் ஒளிந்திருந்தவை அதில் ஒட்டிக்கொண்டு வரும்.