ஸ்கேனர் படிக்கிறது, பில்லில் தப்பாக விழுகிறது: பார்த்ததையும் தீர்த்ததையும் எழுதுங்கள்

பில்மேசை:
பார்கோடு ஸ்கேனரை யுஎஸ்பியில் செருகியதும் பீப் அடித்து எண் விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். தொல்லை அதற்குப் பிறகு வருகிறது. எண்ட்டர் விழாது, அல்லது இரண்டு விழும். முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். கடைக்காரர் ஸ்கேனர் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவார். பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது. படித்ததை எந்த வடிவில், எந்த வழியில் அனுப்ப வேண்டும் என்ற செட்டிங் மட்டும் மாறியிருக்கும். நீங்கள் சந்தித்தவற்றை மாடல், செட்டிங் பெயர், எண் எல்லாம் சேர்த்து எழுதுங்கள். அடுத்து தேடி வருபவருக்கு உதவும்.

நான் தொடங்கி வைக்கிறேன். எதையும் மாற்றும் முன் விண்டோஸ் கீபோர்டை ஆங்கிலத்தில் வைத்து, நோட்பேடில் நான்கைந்து பொருளை ஸ்கேன் செய்து பாருங்கள். நோட்பேடில் சரியாக விழுந்து பில்லிங்கில் மட்டும் தப்பாக விழுந்தால் ஸ்கேனரைத் தொடவே வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: கீபோர்டு முறையில் (ஸ்கேனர் கீபோர்டு போல விசை தட்டி அனுப்பும் முறை) எண்ட்டர் விசை ஒரு தடவை விழுந்தாலே விண்டோஸ் நோட்பேடு சிஆர் (எண்ட்டர்), எல்எஃப் (புதுவரி) என்ற இரண்டு எழுத்தையும் தானே போட்டுக்கொள்ளும். அதனால் ஸ்கேனர் எல்எஃப் அனுப்புகிறதா இல்லையா என்பதை நோட்பேடில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு காம் போர்ட் முறைக்கு (விசையாக இல்லாமல் தரவாகவே அனுப்பும் முறை) மாற்றி, டெர்மினல் மென்பொருளில் ஹெக்ஸாக (ஒவ்வொரு எழுத்தின் 16-அடி எண்ணாக) பார்க்க வேண்டும்.

செட்டிங் மாற்றுவது கையேட்டில் அச்சிட்ட கோடுகளை ஸ்கேன் செய்துதான்; கீழே மேற்கோளில் வரும் பெயர்கள் அந்தக் கோடுகளுடையவை. பழைய ஸ்கேனர் என்றால் முதலில் ரீசெட். ஹனிவெல் கம்பெனி ஸ்கேனரில் "ரிமூவ் கஸ்டம் டீஃபால்ட்ஸ்" முதலில், "ஆக்டிவேட் டீஃபால்ட்ஸ்" அடுத்து, இதே வரிசையில். இரண்டாவதை மட்டும் ஸ்கேன் செய்தால் முன்னால் யாரோ சேமித்து வைத்த கஸ்டம் அமைப்புக்கே திரும்பும். ஜீப்ராவிலும் இதே கதை: "ரீஸ்டோர் டீஃபால்ட்ஸ்" வேறு, "செட் ஃபாக்டரி டீஃபால்ட்ஸ்" வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

வைகைக்கரை:
எண்ட்டர் விழாத விஷயத்தை முடித்துவிடலாம். தினமும் கேட்கப்படுவது இதுதான். படித்த எண்ணுக்குப் பின்னால் ஸ்கேனர் சேர்த்து அனுப்புவதுதான் சஃபிக்ஸ்.

ஹனிவெல்: முதலில் "கிளியர் ஆல் சஃபிக்ஸஸ்". பிறகு "ஆட் சஃபிக்ஸ்", கையேட்டின் பின்பக்க எண் அட்டவணையில் 9, 9, அடுத்து 0, டி, கடைசியில் "சேவ்". இங்கே 99 என்றால் எல்லா வகைக் கோடுகளுக்கும், 0டி என்பது எண்ட்டரின் ஹெக்ஸ். டேப் வேண்டுமென்றால் 0, 9. எண்ட்டர் மட்டும் போதும் என்றால் "ஆட் சிஆர் சஃபிக்ஸ்" என்ற ஒற்றைக் கோடே எல்லாவற்றையும் செய்துவிடும்.

"மளிகைப் பொருளுக்கு எண்ட்டர் வருகிறது, கியூஆருக்கு வரவில்லை" என்று யாராவது சொன்னால், யாரோ கியூஆருக்குத் தனியாக ஒரு சஃபிக்ஸ் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தனி வகைக்குப் போட்டது 99-ஐ மீறி நிற்கும். அதனால்தான் முதலில் கிளியர் செய்யச் சொன்னேன்.

ஜீப்ரா டிஎஸ்2208 மாதிரி மாடல்கள்: "ஸ்கேன் ஆப்ஷன்ஸ்", "டேட்டா சஃபிக்ஸ்", "எண்ட்டர்" என்று மூன்று கோடுகள். சஃபிக்ஸ் மதிப்பு ஆலையிலேயே 7013 என்று இருக்கும், அதுதான் எண்ட்டர். டேப் வேண்டுமென்றால் "ஸ்கேன் சஃபிக்ஸ் 1" ஸ்கேன் செய்து 1, 0, 0, 9. பலர் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. "ஃபங்ஷன் கீ மேப்பிங்" ஆனில் இல்லையென்றால் 1009 டேப் விசையாகப் போகாது, கண்ட்ரோல்+ஐ என்று போகும். வேர்டில் எழுத்து சாய்ந்துகொள்ளும், பில்லிங்கில் ஒன்றும் நடக்காது. மேப்பிங்கை ஆன் செய்தால் அடுத்த கட்டத்துக்குத் தாவும்.

தாளிலிருந்து செட்டிங் கோடு ஸ்கேன் செய்யும்போது பக்கத்துக் கோடுகளை வெள்ளைத் தாளால் மூடிக்கொள்ளுங்கள். எண் அட்டவணையில் 0-க்கும் 1-க்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிகூட இருக்காது. இமேஜர் வகை (கேமரா போலப் படம் பிடித்துப் படிப்பது) பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும், பீப் ஒரே மாதிரிதான் அடிக்கும். பிரிண்ட் எடுத்தால் 100 சதவீத அளவில் எடுங்கள். மொபைல் திரையில் காட்டினால் இமேஜர் படிக்கும், லேசர் படிக்காது.

நீலக்கம்பி:
பிரவுசரில் ஓடும் பில்லிங் வைத்திருப்பவர்களுக்கு. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் குரோமில் டவுன்லோட்ஸ் பக்கம் தானாகத் திறந்தால் வைரஸ் அல்ல. சஃபிக்ஸில் சிஆரோடு எல்எஃபும் சேர்ந்து போகிறது. எல்எஃபின் எண் 10. கட்டுப்பாட்டு எழுத்துகளை (எல்எஃப், டேப் போல அச்சில் தெரியாதவை) கண்ட்ரோல் விசையோடு சேர்த்து அனுப்பும் அமைப்பில் அது கண்ட்ரோல்+ஜே ஆகிறது, குரோமில் டவுன்லோட்ஸுக்கு அதுதான் குறுக்குவிசை. சஃபிக்ஸைச் சிஆர் மட்டும் என்று மாற்றினால் நின்றுவிடும்.

அடுத்து எழுத்து விடுபடுவது. 13 இலக்கத்தில் 11 அல்லது 12 மட்டும் விழும், அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இலக்கம் காணாமல் போகும். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேலை செய்யும் கிளைக் கடைகளில் இது சகஜம். ஸ்கேனர் விசைகளைத் தட்டும் வேகத்துக்கு எதிர்முனை ஈடுகொடுக்கவில்லை. ஜீப்ராவில் "கீஸ்ட்ரோக் டிலே" மீடியம் என்றால் 20 மில்லி நொடி, லாங் என்றால் 40. முதலில் 20 போட்டுப் பாருங்கள். 40 எல்லாருக்கும் வேண்டாம்: 13 இலக்கத்துக்கே அரை நொடிக்கு மேல் ஆகும், 200 எழுத்து கியூஆர் என்றால் 8 நொடி. அதற்குள் யாராவது வேறு இடத்தில் கிளிக் செய்தால் மீதி எழுத்துகள் அங்கே போய் விழும். ஹனிவெல்லில் இதன் பெயர் "இன்டர்கேரக்டர் டிலே", 5 மில்லி நொடிப் படிகளாக ஏற்றலாம்.

நீளமான தரவு அடிக்கடி வரும் இடத்தில் கீபோர்டு முறையையே விட்டுவிட்டு யுஎஸ்பி காம் போர்ட் முறைக்குப் போவதுதான் என் கருத்து. விண்டோஸ் 10-லேயே அதற்கான டிரைவர் உண்டு. வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் காம் எண் மாறக்கூடும். டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ், அந்த ஸ்கேனர், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் எண்ணைச் சரிசெய்து, அந்தத் துளைக்கு மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

ஏட்டுச்சுவடி:
நம் ஊர் கணினிகளுக்கே உரிய ஒன்று. கீபோர்டு முறையில் ஸ்கேனர் எழுத்தை அனுப்புவதில்லை, எந்த விசை அழுத்தப்பட்டது என்பதைத்தான் அனுப்புகிறது. அதை எழுத்தாக்குவது விண்டோஸ். தமிழ்99 தட்டச்சு ஆனில் இருக்கும்போது சிறிய எழுத்து "எச்" வந்தால் க விழும், "எல்" வந்தால் த விழும். எண்கள் மட்டும் உள்ள ஈஏஎன் கோடுகளில் (கடைப் பொருள்களில் வழக்கமாக வருபவை) இது தெரியவே தெரியாது. எழுத்தும் எண்ணும் கலந்த "கோடு 128" வகை லேபிள் வரும் அன்றுதான் வெளிப்படும்.

வழி இரண்டு. பில்லிங் கணினியில் தமிழ் தட்டச்சு வேண்டாம் என்றால் அதை எடுத்துவிடலாம். வேண்டுமென்றால் ஜீப்ராவில் "எமுலேட் கீபேட்", ஹனிவெல்லில் ஆல்ட் முறை. ஒவ்வொரு எழுத்தையும் ஆல்ட் விசையோடு எண் தட்டி அனுப்பும், கீபோர்டு எந்த மொழியில் இருந்தாலும் சரியாக விழும். விலை என்னவென்றால் ஒரு எழுத்துக்கு நான்கைந்து விசைத் தட்டல், அதனால் மெதுவாகும். விண்டோஸில் மட்டுமே வேலை செய்யும், ஆண்ட்ராய்டு பில்லிங் மெஷினில் செய்யாது.

கியூஆருக்குள்ளேயே தமிழ் உரை இருந்தால் கீபோர்டு முறையில் வரவே வராது என்று எடுத்துக்கொள்ளுங்கள். காம் போர்ட் முறையில் யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துக்குமான குறிமுறை) பைட்டுகளாக வாங்கி, மென்பொருளில் யுடிஎஃப்-8 என்று படித்தால் தமிழ் தமிழாக இருக்கும்.

கேப்ஸ் லாக் பற்றியும் ஒரு வரி: அது ஆனில் இருந்தால் பெரிய எழுத்து சிறியதாக, சிறியது பெரியதாகப் புரளும். "ஓவர்ரைட் கேப்ஸ் லாக்" போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை.

மருந்துச்சீட்டு:
மருந்துக் கடைகளுக்கும் ஆஸ்பத்திரி ஸ்டோருக்கும்.

ஜிஎஸ்1 டேட்டாமேட்ரிக்ஸில் (மருந்துப் பெட்டியில் வரும் சதுரப் புள்ளிக் கோடு) 01 என்றால் 14 இலக்க ஜிடின் (பொருளின் எண்), 17 என்றால் காலாவதித் தேதி, 10 என்றால் பேட்ச், 21 என்றால் சீரியல். ஜிடினுக்கும் தேதிக்கும் நீளம் நிலையானது. பேட்சும் சீரியலும் 20 எழுத்துவரை எவ்வளவும் இருக்கலாம். அதனால் பேட்ச் எங்கே முடிகிறது என்று சொல்ல, பின்னால் ஒரு பிரிப்பு எழுத்து வரும். அதன் ஆஸ்கி எண் 29, ஜிஎஸ் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. கீபோர்டு முறையில் இது கண்ட்ரோல் விசையோடு வலது சதுர அடைப்பாகப் போகும், பெரும்பாலான பில்லிங் கட்டங்கள் அதை விழுங்கிவிடும்.

விளைவைப் பாருங்கள். பேட்ச் 4512, சீரியல் 7788. ஸ்டிரிங்கின் வால்பகுதி 104512, ஜிஎஸ், 217788. ஜிஎஸ் தொலைந்தால் 104512217788. மென்பொருள் பேட்ச் எண்ணை 4512217788 என்று எடுத்துக்கொள்ளும், சீரியல் காலி. பிழைச் செய்தி எதுவும் வராது. பேட்ச் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்து தேடும்போது அந்த மருந்து பட்டியலில் கிடைக்காது. பில் தப்பாவதைவிட இது எவ்வளவோ மோசம்.

தீர்வு: ஜிஎஸ்ஸை நேர்க்கோடு குறியாக ( | ) மாற்றி அனுப்பச் சொல்வது. ஜிஎஸ்1 தரவுக்குள் அந்தக் குறி அனுமதிக்கப்பட்ட எழுத்துகளில் இல்லை, அதனால் குழப்பம் வராது. ஹனிவெல் டேட்டா ஃபார்மேட்டரில் (படித்ததை மாற்றியோ பிரித்தோ அனுப்பும் வசதி) கட்டளை: இ4 02 1டி 7சி எஃப்1 0டி. 1டி வந்தால் 7சி-யாக மாற்று, பிறகு எல்லாவற்றையும் அனுப்பிக் கடைசியில் எண்ட்டர் போடு என்று பொருள். ஜீப்ராவில் 123ஸ்கேன் மென்பொருளில் ஏடிஎஃப் (ஜீப்ராவில் அதே வசதியின் பெயர்) விதியாக எழுதிக்கொள்ளலாம். மென்பொருள்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அவர் நேர்க்கோட்டை எதிர்பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இந்திய மருந்து விதிகளின் ஷெட்யூல் எச்2 பட்டியலில் உள்ள 300 மருந்து பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் பார்கோடு அல்லது கியூஆர் கட்டாயம். அதில் மருந்தின் பெயர், பிராண்ட், தயாரிப்பாளர் முகவரி, பேட்ச், தயாரிப்பு மற்றும் காலாவதித் தேதி, உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். அந்த உரைக்குள் வரிமுறிவு இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண்ட்டர் விழுந்து, பில்லில் ஏழெட்டு வெற்று வரி சேரும். பில் கவுண்டரில் ஈஏஎன் மட்டும் போதும் என்றால் அந்த ஸ்கேனரில் கியூஆரை ஆஃப் செய்துவிடுங்கள். சரக்கு எடுக்கும் இடத்துக்குத் தனி ஸ்கேனர் வையுங்கள்.

தராசு:
எடை லேபிளைப் பற்றி யாரும் எழுதவில்லை. காய்கறி, பருப்பு லேபிளில் 2-இல் தொடங்கும் 13 இலக்கம் வரும். எப்படிப் பிரிப்பது என்பது கடையின் விருப்பம். பரவலாக இருப்பது: 21, பொருள் எண் 5 இலக்கம், எடை கிராமில் 5 இலக்கம், சரிபார்ப்பு இலக்கம் 1.

மென்பொருளே இதைப் பிரிக்கும் என்றால் அங்கேயே பிரிக்க விடுங்கள், ஸ்கேனரில் கை வைக்க வேண்டாம். மென்பொருளுக்குத் தெரியாது, பொருள் எண் ஒரு கட்டத்திலும் எடை அடுத்த கட்டத்திலும் வேண்டும் என்றால், ஹனிவெல்லில் இப்படி:

"என்டர் டேட்டா ஃபார்மேட்", 0, 099, 64, 0013, எஃப்இ 32, எஃப்இ 31, எஃப்2 05 09, எஃப்2 02 2இ, எஃப்2 03 0டி, "சேவ்".

0 முதன்மை ஃபார்மேட். 099 எந்த இணைப்பாக இருந்தாலும். 64 ஈஏஎன்-13. 0013 நீளம். எஃப்இ 32, எஃப்இ 31 இரண்டும் முதல் எழுத்து 2, அடுத்தது 1 என்று சரிபார்த்துத் தாண்டும். அடுத்து 5 எழுத்து அனுப்பி டேப், 2 எழுத்து அனுப்பிப் புள்ளி, 3 எழுத்து அனுப்பி எண்ட்டர். 21 00123 00750 என்ற லேபிள் 00123, டேப், 00.750, எண்ட்டர் என்று விழும். சரிபார்ப்பு இலக்கம் தானாக விடுபடும்.

இரண்டு இடத்தில் சறுக்கும். ஃபார்மேட்டரை "ஆன், நாட் ரிக்வயர்டு" என்று வையுங்கள். "ரிக்வயர்டு" என்று வைத்தால் 21-இல் தொடங்காத சோப்பு, பிஸ்கட் எதுவும் விழாது, எரர் சத்தம் மட்டும் வரும். இரண்டாவது, வைகைக்கரை சொன்ன சஃபிக்ஸ் எண்ட்டரும் ஏற்கெனவே இருக்கும். ஃபார்மேட்டிலும் எண்ட்டர் இருக்கிறது. இரண்டு விழும். "டிராப் ப்ரீஃபிக்ஸ்/சஃபிக்ஸ்" உள்ள தேர்வைப் போட்டால் ஃபார்மேட் பொருந்திய கோட்டுக்கு மட்டும் சஃபிக்ஸ் போகாது, மற்றவற்றுக்கு வழக்கம்போல் போகும்.

வைகைக்கரை:
தராசு அண்ணே, சரிபார்ப்பு இலக்கம் அனுப்புவதை ஏற்கெனவே ஆஃப் செய்திருந்தால்?

தராசு:
நல்ல கேள்வி தம்பி. அப்போது நீளம் 12. 0013 என்று எழுதிய ஃபார்மேட் பொருந்தாது, முழு எண்ணும் அப்படியே விழும். ஒன்று அதை ஆன் செய், அல்லது 0012 என்று எழுது. எனக்குக் கேட்டால் ஆனிலேயே வை. அது இல்லாமல் பொருள் மாஸ்டரில் (மென்பொருளின் பொருள் பட்டியலில்) ஏற்றினால் நாளைக்கு வேறு ஸ்கேனர் வாங்கும்போது மொத்தமும் பொருந்தாமல் போகும்.

பில்மேசை:
அதே வகையில் இன்னொன்று. இறக்குமதிச் சாக்லேட், ஷாம்பு போன்றவற்றில் 12 இலக்க யுபிசி-ஏ இருக்கும். மொபைல் ஆப்பில் சரக்கு ஏற்றியவர் 13 இலக்கமாக, முன்னால் பூஜ்யத்தோடு ஏற்றியிருப்பார். கவுண்டர் ஸ்கேனர் 12 அனுப்பும். "பொருள் இல்லை" என்று வரும். ஜீப்ராவில் "யுபிசி-ஏ ப்ரீஆம்பிள்" என்பதை சிஸ்டம் எழுத்தும் நாட்டுக் குறியும் சேர்ந்த தேர்வுக்கு மாற்றினால் பூஜ்யம் சேர்ந்து 13 ஆகும். ஹனிவெல்லில் யுபிசி-ஏ-வை ஈஏஎன்-13 ஆக மாற்றும் கோடு உண்டு. கடையில் உள்ள எல்லா ஸ்கேனருக்கும் ஒரே மாதிரி வையுங்கள்.

எக்செலில் ஏற்றுபவர்கள் பார்கோடு விழும் நெடுவரிசையை முதலில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுப் பிறகு ஸ்கேன் செய்யுங்கள். ஏற்றிய பிறகு டெக்ஸ்ட் ஆக்கினால் போன பூஜ்யம் திரும்பி வராது.

நீலக்கம்பி:
பெயர் தெரியாத மலிவு ஸ்கேனர்களுக்கு: வெளிக்கூடு ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் டிகோடர் (கோட்டை எழுத்தாக்கும் பகுதி) வேறாக இருக்கலாம், அதனால் வேறு கையேட்டின் கோடு வேலை செய்யாது. டப்பாவில் வந்த தாளை மொபைலில் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். கையேட்டில் "வெர்ஷன்" கோடு இருந்தால் நோட்பேடில் ஸ்கேன் செய்து, விழும் வரியையும் அதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே உதவி கேட்கும்போது அந்த வரியை ஒட்டினால் சரியான கோட்டைத் தேடிக் கொடுக்க முடியும்.