1860 ஆர்மி ரிவால்வர்: 25 கஜத்தில் மேலே போகிறது, சிதறவும் செய்கிறது. மருந்து எவ்வளவு போடலாம்?

டெக்சஸ்காரன்:
வணக்கம். இங்கே டெக்சஸில் ரேஞ்சில் சுடுவதற்காக கோல்ட் 1860 ஆர்மியின் இத்தாலிய நகல் ஒன்று வாங்கினேன். .44 காலிபர், ஸ்டீல் பிரேம். 3எஃப் (நுண்மணி) கருமருந்து 35 கிரெய்ன் (மருந்தை அளக்கும் சிறு அலகு), .451 அங்குல ஈய உருண்டை, 10ஆம் நம்பர் கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி). 25 கஜத்தில் குறிக்கு ஓர் அடி மேலே விழுகிறது, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறவும் செய்கிறது. சில சுற்று சுட்டதுமே சிலிண்டர் இறுகி, கையால் திருப்ப வேண்டியிருக்கிறது. மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா?

பழைய இரும்பு:
குறையுங்க தம்பி. 22லிருந்து 25க்குள் வாங்க. சேம்பர் (சிலிண்டரில் மருந்து போடும் குழி) கொள்கிறதே என்று நிரப்பக் கூடாது. கோல்ட்டின் 1847 வாக்கர் ரிவால்வர் 60 கிரெய்ன் கொள்ளும், அதில் சிலிண்டர்கள் வெடித்துப் போனதால்தான் அடுத்து வந்த டிராகூன் ரிவால்வரில் 50 ஆகக் குறைத்தார்கள். மருந்து குறைந்த இடத்தில் சோள ரவை போட்டு அழுத்துங்க, உருண்டை சேம்பர் வாய்க்குப் பக்கத்தில் நிற்கும், பேரலுக்குள் நேராக நுழையும். மருந்துக்கும் உருண்டைக்கும் நடுவே காற்றிடம் மட்டும் இருக்கவே கூடாது. அப்புறம் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூட இதில் போடாதீங்க, துப்பாக்கியும் கையும் போய்விடும்.

டெக்சஸ்காரன்:
நன்றி அண்ணே. அளவுக் குழாயில்தான் அளக்கிறேன், தராசில் இல்லை, அது சரிதானே? மருந்தைக் குறைத்தால் குண்டு கீழே இறங்கிவிடுமா?

ஈயக்குண்டு:
குழாய் சரிதான், கருமருந்தைக் கொள்ளளவால் அளப்பதே வழக்கம். டிரிபிள் செவன் மாதிரி மாற்று மருந்து போட்டால் மட்டும் அதே குழாயில் 15 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வேகம் அதிகம்.

ஆனால் உயரம் இதனால் இறங்காது. கைத்துப்பாக்கியில் குண்டு பேரலை விட்டு வெளியேறும் முன்பே பேரலின் முனை மேலே எழத் தொடங்கிவிடும், குண்டு மெதுவாகப் போனால் எழுவதற்கு இன்னும் நேரம் கிடைக்கும், அதனால் சில சமயம் இன்னும் மேலேகூடப் போகும். விநாடிக்கு 800 அடி வேகத்தில் போகிற உருண்டை 25 கஜத்தில் ஏறக்குறைய 1.7 அங்குலம்தான் தாழும், 950 அடி என்றால் 1.2. இந்த அரை அங்குலத்தை வைத்து ஓர் அடியைச் சரிசெய்ய முடியாது. கோல்ட்டில் பின் சைட் (குறிபார்க்கும் அடையாளம்) என்பது சுத்தியலில் உள்ள வெட்டு, முன் சைட் குட்டையானது, இரண்டும் சேர்ந்து தூரக் குறிக்கு ஏற்றபடி இருக்கும். முன் சைட்டை உயர்த்துவதுதான் வழி. இரண்டு சைட்டுக்கும் நடுவே 10 அங்குலம் என்று வைத்தால், 25 கஜம் 900 அங்குலம் என்பதால் 10×12÷900, அதாவது 0.13 அங்குலம் உயர்த்த வேண்டும். கொஞ்சம் கூடவே வைத்துவிட்டு, சுட்டுச் சுட்டு அரத்தால் தேயுங்கள்.

சிதறலுக்கு உருண்டையைப் பாருங்கள். அழுத்தும்போது சேம்பர் வாயில் மெல்லிய ஈய வளையம் முழுசாக வெட்டுப்பட்டு விழ வேண்டும். விழவில்லை என்றால் .454க்கு மாறுங்கள். உருண்டை தளர்வாக இருந்தால் பக்கத்துச் சேம்பரும் சேர்ந்து வெடிக்கும் ஆபத்து உண்டு. கேப்பும் அதை மாட்டும் நிப்பிளில் கெட்டியாக உட்கார வேண்டும், தீ அந்தப் பக்கமாகவும் தாவலாம்.

பழைய இரும்பு:
உயரத்தைப் பற்றி ஈயக்குண்டு சொல்வதே சரி. சிலிண்டர் இறுக்கத்துக்கு நடு அச்சில் தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும் கலந்த பசையைத் தாராளமாகப் பூசுங்க, பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம், கரியோடு சேர்ந்து தாராகிவிடும். பேரலைப் பிடித்து நிறுத்தும் ஆப்பையும் பாருங்க, ரொம்ப உள்ளே அடித்தால் பேரல் சிலிண்டரை முட்டும், அப்போது கரி கொஞ்சம் படிந்தாலே திரும்பாது.

டெக்சஸ்காரன்:
ஆப்பை ஒரு மயிரிழை வெளியே எடுத்தேன், பசை பூசினேன், சுற்று மாற்றிச் சுற்று சுட்டும் சிலிண்டர் விரலுக்கு லேசாகத் திரும்புகிறது. .451க்கு வளையம் பாதிதான் விழுந்தது, .454க்கு முழு வளையம். 24 கிரெய்ன், மேலே ரவை, இப்போது ஆறும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. உயரம் அப்படியேதான் இருக்கிறது. முன் சைட்டுக்குப் பித்தளைத் துண்டு வாங்கி வைத்திருக்கிறேன், 0.16க்கு வெட்டிப் பொருத்தப் போகிறேன்.