புதுப்பிப்பு: ரெட்டேரிக் கரை வீட்டைப் பூட்டியாயிற்று

சென்னையில் ரெட்டேரிக் கரையில் உள்ள அம்மாவின் வீட்டை மழைக்காலம் முடியும்வரை எப்படிப் பூட்டி வைப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஐப்பசி அடைமழைக்கு முன்பே, ஞாயிறன்று மச்சானோடு போய் வேலையை முடித்துவிட்டேன்.

மணல் மூட்டை வாசலுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். கழிவறைக் கோப்பையிலும் ஒன்றைத் திணிக்கச் சொன்னவருக்கு ஒரு கும்பிடு. 2015 டிசம்பரில் தண்ணீர் முதலில் அந்த வழியாகத்தான் ஏறியது. சுவரில் முழங்கால் உயரத்தில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

மொட்டைமாடிக் குழாயை அடைத்திருந்தது குப்பையல்ல, அரசங்கன்று. இழுக்க இழுக்க வேர் ஒரு முழம் வந்தது! ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றி, மெயின் சுவிட்சை அணைத்தோம்.

அம்மாதான் கடைசிவரை கிளம்பவில்லை. ஊறுகாய் ஜாடியை விட்டுவர மனமில்லையாம். தண்டையார்பேட்டை வரை ஆட்டோவில் அதை மடியிலேயே வைத்திருந்தார். பொங்கல்வரை இரண்டும் எங்கள் வீட்டில்தான்.