தமிழ் மட்டும் தெரிந்த அத்தையைப் புனலூருக்குக் கூட்டி வந்திருக்கிறோம். ஆஸ்பத்திரி, பென்ஷன் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

புனலூர் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். மாமா போன பிறகு சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த அத்தையை (வயது 74) போன ஆவணியில் எங்களோடு புனலூருக்குக் கூட்டி வந்துவிட்டோம். எங்கள் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறை, நான் ஒரு முந்திரி பேக்டரியில் கணக்கு எழுதுகிறேன், பகலில் அத்தை தனியாகத்தான் இருக்கிறார். எங்களுக்கு மலையாளம் சரளம், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதவே தெரியாது. அத்தைக்கு மலையாளத்தில் ஒரு சொல்கூட வராது.

இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் டோக்கனுக்கு வரிசையில் நிற்கிறார், அதற்குள் அத்தையை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டர் சின்னப் பையன், கண்ணூர்க்காரராம். "பனியுண்டோ அம்மே?" என்று கேட்டிருக்கிறார். அத்தை "ஆமாய்யா, விடியக்காலம் ஒரே பனி, கதவத் தொறக்க முடியல" என்று சொல்லிவிட்டார். அவர் காய்ச்சல் என்று எழுதி ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார். இதையாவது சிரித்துக்கொண்டே விட்டுவிடலாம். அடுத்து அத்தை "மயக்கமா வருதுய்யா" என்றதை அவர் தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொண்டு, ராத்திரி நன்றாகத் தூங்கச் சொல்லி அனுப்பிவிட்டார். மலையாளத்தில் மயக்கம் என்றால் அரைத் தூக்கம்தானே. இரண்டு நாள் கழித்துத் துவைக்கிற கல்லுப் பக்கத்தில் தலைசுற்றி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. டாக்டரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் நாங்கள் கூட இல்லாத நேரத்தில் இப்படி இன்னொரு தடவை நடந்தால்?

அப்புறம் பணம். அத்தைக்குத் தமிழ்நாட்டு முதியோர் பணம் 1200 ரூபாய் ஊர் பேங்கில் விழுகிறது. இங்கே குடியிருந்தால் அது செல்லுமா, இங்கே விண்ணப்பிக்க வேண்டுமா, ஒன்றும் புரியவில்லை.

இன்னொன்று. வந்த புதிதில் எல்லாவற்றுக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர், இப்போது வாசல் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீட்டுச் சேச்சி நல்லவர்தான், ஆனால் சத்தமாகச் சொன்னால் அத்தைக்குப் புரியும் என்று நினைத்துக் கத்திக் கத்திப் பேசுகிறார். "ஏன்ட்டி, நான் என்ன செவிடா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார் அத்தை.

கொல்லம் ஷாஜகான்:

பயப்படாதீங்க. தமிழும் மலையாளமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆறு மாசம் மலையாள சீரியல் போட்டுவிட்டா தானா வந்துடும்.

ரப்பர் காட்டுப் பேரன்:

ஷாஜகான் அண்ணே, கிட்டத்தட்ட ஒன்று என்பதுதானே இங்கே வில்லங்கமே. அத்தை சீனாவுக்குப் போயிருந்தால் டாக்டர் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடியிருப்பார். இங்கே இரண்டு பேரும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள்.

நான் குளத்துப்புழைக்காரன். எங்கள் பாட்டி இலங்கையில் தேயிலை பறித்தவர். தோட்டத் தமிழரை இரண்டு நாடும் பிரித்துக்கொண்ட 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்ட குடும்பம், தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் இங்கே ரப்பர் வெட்ட வந்தார்கள். புனலூரைத் தலைமையிடமாக வைத்து 1976-ல் தொடங்கின மறுவாழ்வுத் தோட்டக் கம்பெனி எங்களைப் போன்றவர்களுக்காகவே வந்தது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். இத்தனை வருஷம் இருந்தும் பாட்டிக்குச் சந்தை மலையாளம் வரும், ஆபீஸ் மலையாளம் வராது, எழுத்து சுத்தமாகத் தெரியாது. போனில் வருகிற எஸ்எம்எஸ் எல்லாம் அவருக்கு ஜிலேபி பிழிந்த மாதிரி. அதனால் ஆறு மாதத்தில் 74 வயது அத்தை மாறிவிடுவார் என்று கனவு காணாதீர்கள், அவர் மாறவும் வேண்டாம்.

நாங்கள் செய்தது இது. கெட்டியான அட்டை ஒன்று, கழுத்துப் பையில் எப்போதும் இருக்கும். ஒரு பக்கம் மலையாளத்தில் பேர், வயது, சாப்பிடுகிற மருந்துகளின் பேர், அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்து, நம்முடைய போன் நம்பர். மறுபக்கம் தமிழில் பாட்டி சொல்கிற சொல், எதிரே மலையாளச் சொல். அதுவும் வெறும் சொல்லாக இல்லாமல் நிலைமையாக எழுதுங்கள். "மயக்கம்" என்று எழுதாமல் "எழுந்தால் தலை சுற்றுகிறது", எதிரே தலகறக்கம். காய்ச்சல் என்றால் பனி. வாந்திக்குச் சர்த்தி, இருமலுக்குச் சும, மாத்திரைக்குக் குளிக. "வேதன" என்று நர்ஸ் கேட்டால் அது உடம்பு வலி, மனசுக் கஷ்டம் இல்லை என்பதையும் அத்தையிடம் சொல்லி வையுங்கள். எங்கள் பாட்டி ஒரு தடவை "வேதனயுண்டோ" என்று கேட்ட நர்ஸிடம் செத்துப்போன தாத்தாவைப் பற்றிக் கால் மணி நேரம் சொல்லி அழுதிருக்கிறார். நர்ஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்ததாம், அதுவும் ஒரு வைத்தியம்தான் என்று வையுங்கள்.

அடுத்து உங்கள் வார்டு ஆஷா ஊழியரை, அதாவது வீடு வீடாக வருகிற சுகாதாரத் தொண்டரைப் பிடியுங்கள். யார் வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. படுக்கையில் விழுந்துவிட்டால் வீட்டுக்கே வருகிற பாலியேட்டிவ் நர்ஸும் உண்டு, கேரளத்தில் 2008-ல் இருந்தே இதற்குத் தனிக் கொள்கை இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். இப்போது தேவையில்லைதான், பேரை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 14567 என்று முதியோர் உதவி எண் ஒன்றும் இருக்கிறது, காலை 8 முதல் ராத்திரி 8 வரை, அதையும் அட்டையில் எழுதிவிடுங்கள்.

தென்காசி மணி:

பென்ஷனைப் பத்தி யாரும் வாயைத் திறக்காதீங்க. ஊர்ப் பணம் பாட்டுக்கு வரட்டும், இங்கேயும் போட்டு வாங்கிக்கோங்க. யார் வந்து பார்க்கப் போறா?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:

மணி, ஆதார் பார்க்கும். இரண்டு மாநிலத்திலும் ஒரே ஆதாரை வைத்து வாங்கி, பிறகு திருப்பிக் கட்டு என்று நோட்டீஸ் வந்தால் அதை வாசிப்பதற்கும் அத்தைக்கு ஆள் வேண்டும். அந்த வேலையே வேண்டாம்.

தங்கச்சி, நிதானமாக யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அத்தை இங்கேயே நிலைக்கப் போகிறார் என்றால்தான் முகவரியை மாற்ற வேண்டும், பாதி மனசோடு மாற்றாதீர்கள், மாற்றிவிட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரமாட்டேன் என்று உட்கார்ந்த கதை எங்கள் தெருவிலேயே உண்டு. அதுவரை ஊர் ரேஷன் கார்டு முன்னுரிமைக் கார்டாக இருந்தால், ஒரே நாடு ஒரே கார்டு திட்டத்தில் இங்குள்ள கடையிலேயே அரிசி வாங்கலாம், விரல் வைத்தால் போதும். சர்க்கரை, பாமாயில் கிடைக்காது.

நிலைக்கப் போகிறார் என்றால் ஊர்ப் பணத்தை முறையாக நிறுத்திவிட்டு நகராட்சியில் விண்ணப்பியுங்கள். கேரளத்தில் 60 வயது போதும், தொகை 2025 நவம்பரில் இருந்து மாதம் 2000. ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. யார் யாரைக் குடும்பம் என்று கணக்கில் சேர்ப்பார்கள் என்பதை வில்லேஜ் ஆபீசில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நீங்கள் இருவரும் சம்பாதிக்கிறீர்கள், ஊர்ப் பணத்தையும் விட்டு இதுவும் கிடைக்காமல் நடுத்தெருவில் நிற்கக் கூடாது.

மொழி பற்றி ஒன்று. 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வரவேண்டும் என்று இருக்கிறது. உள்ளூர் ஆபீஸ் என்றால் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில்தான், எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலூகா மாதிரி. அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவும் குறையை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ பயன்படுகிற எந்த மொழியிலும் எழுதித் தரலாம் என்கிறது. கவுண்டரில் போய்ச் சட்டம் பேசினால் வேலை நடக்காது என்பதும் எனக்குத் தெரியும், முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன். மலையாளத்தில் நீங்களே எழுதுங்கள், ஆனால் அத்தை கையெழுத்துப் போடும் முன்னால் அதில் என்ன இருக்கிறது என்று வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டுங்கள். நிறைய வீடுகளில் இது நடப்பதே இல்லை. "இங்க ஒரு ஒப்பு போடு" என்று விரலைப் பிடித்து வைத்துவிடுகிறோம்.

ரப்பர் காட்டுப் பேரன்:

மாஷ் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், மஸ்டரிங். பென்ஷன் கிடைத்தால், அறிவிப்பு வரும்போது அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) போய், ஆள் உயிரோடு இருக்கிறார் என்று காட்ட விரல் வைக்க வேண்டும், 30 ரூபாய். நடக்க முடியாதவர் என்றால் வீட்டுக்கே வருவார்கள், 50. அறிவிப்பு மலையாளப் பத்திரிகையிலும் எஸ்எம்எஸிலும் வரும், அதைத் தவறவிட்டுத்தான் எங்கள் பாட்டிக்கு நாலு மாதம் பணம் நின்றது. போனால் இன்னொரு கூத்து, இத்தனை வருஷம் ரப்பர் பாலும் ஆசிடும் பட்ட விரலில் ரேகையே இல்லை. மெஷின் இல்லை இல்லை என்று சிவப்பு விளக்கு எரிகிறது, பாட்டி "நான்தான்யா, நான்தான்" என்று மெஷினிடமே சொல்கிறார். கடைசியில் கண்ணைக் காட்டிப் பதிந்தோம். அதுவும் விழாதவர்கள் உயிர்ச் சான்று எழுதிக் கொடுக்கலாம்.

நகரி நெசவு:

நான் ஆந்திராப் பக்கம், நகரி. இங்கே பணம் 4000, ஒண்ணாம் தேதி சச்சிவாலய (ஊர் அரசு அலுவலக) ஆளே வீட்டுக்கு வந்து கையில் கொடுத்துவிட்டுப் போகிறார், அந்த விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனு, ரசீது எல்லாம் தெலுங்கு. தறியில் உட்கார்ந்த எங்கள் அப்பா தமிழ்ப் பேப்பர் மட்டும்தான் படிப்பார், பேரன் தெலுங்கு மட்டும்தான் படிப்பான், நடுவில் நான்தான் தபால்காரன். நான் வெளியூர் போனால் அந்த வாரம் தபால் நின்றுவிடும். உங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தாவது கற்றுக்கொடுங்கள், அத்தையையே கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பகலில் அவருக்கும் ஒரு வேலை.

புனலூர் மருமகள்:

அனைவருக்கும் நன்றி. அட்டை எழுதியாகிவிட்டது. அத்தையே பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் பெரிதாக எழுது, இன்னும் பெரிதாக எழுது என்று மூன்று அட்டையை வீணாக்கினார். தலைசுற்றலுக்கு வேறு டாக்டரிடம் போனோம், பிரஷர் மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார், இப்போது பரவாயில்லை. பென்ஷனை மாஷ் சொன்ன மாதிரி பொங்கல் வரை தொடவில்லை, அத்தையின் மனசு எந்தப் பக்கம் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. சின்னவன் அ, ஆ வரை வந்திருக்கிறான், இ-யில் நிற்கிறான்.

பேரன் தம்பி, உங்கள் பாட்டியிடம் போனில் பேச வைத்தீர்களே, அன்றைக்கு அத்தை முக்கால் மணி நேரம் பேசினார். நுவரெலியாக் குளிரும் சங்கரன்கோவில் வெயிலும் எப்படி ஒட்டிக்கொண்டதோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறோம், வீட்டுக்கு வழி தனியாக அனுப்புங்கள். முறுக்குக்கு அரிசி ஊறப்போட வேண்டும் என்று இன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்.