மூன்று வருஷமாகியும் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

மாடிவாசி:
பன்னிரண்டு வீடுகள் உள்ள அடுக்ககம். போன மாதம் நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, தூக்கிவிட ஒரு கை வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் வராந்தாவில் நின்றேன். அம்மா இப்போது நலம். அந்த ஒரு நிமிஷம்தான் மனதை விட்டுப் போகவில்லை.

அப்புறம் எல்லாரையும் அழைத்துக் கூட்டம் போட்டேன். நாலு பேர் வந்தார்கள். பார்க்கிங் சண்டையில் முடிந்தது. வாட்ஸ்அப் குழுவிலும் தண்ணீர் மோட்டார் புகார்தான். வேறு என்ன வழி?

படிக்கட்டு:
கூட்டம் என்றாலே ஆளுக்கொரு புகாரோடுதான் வருவார்கள். அதை விடுங்கள். முகம் அடிக்கடி கண்ணில் பட வழி பாருங்கள். ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பாக் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து 1950-இல் எழுதினார்கள். அடுத்தடுத்த வீட்டுக்காரர்களுக்குள்தான் நட்பு அதிகம். மாடிப்படியை ஒட்டிய கீழ்வீட்டுக்காரர்களுக்கு மேல்மாடியிலும் சினேகிதர்கள் இருந்தார்கள். குணப்பொருத்தம் பார்த்து யாரும் குடிவரவில்லை. போகவர எதிர்ப்பட்டார்கள், அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு என் பூந்தொட்டிகளைப் பின்பக்கத்திலிருந்து வாசலுக்கு மாற்றினேன். தண்ணீர் ஊற்றும் நேரத்தில் தினமும் இரண்டு பேராவது நின்று பேசுகிறார்கள்.

ஒதுங்கியவன்:
எல்லையும் வேண்டும் சார். முந்தைய வீட்டில் பக்கத்தில் சாவி கொடுத்து வைத்தோம். கடைசியில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தார், எப்போது போனார் என்று எங்களுக்கே கணக்குச் சொன்னார்கள்! ஃபோன் நம்பரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய ஏணி:
உதவி செய்யப் போகாதீர்கள், கேளுங்கள். சின்னதாக, ஏணி மாதிரி ஏதாவது. நீங்கள் கொடுத்தால் அவர்களுக்குக் கடன்பட்ட கூச்சம் வரும். நீங்கள் வாங்கினால் நாளைக்கு அவர்களும் தயங்காமல் கேட்பார்கள். திருப்பிக் கொடுக்கப் போகும்போது இன்னொரு பேச்சு. 1995-இல் ஜப்பானின் கோபே நகர நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். எந்த அறையில் யார் படுப்பார் என்பது பழகியவருக்குத்தானே தெரியும்?

மாடிவாசி:
நேற்று எதிர்வீட்டில் ஏணி கேட்டேன். இல்லை என்றார். ஆனால் ஸ்டூல் எடுத்து வந்து, நான் பல்பு மாட்டி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். "அன்றைக்கு ஆம்புலன்ஸ் உங்கள் வீட்டுக்கா வந்தது? கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று உள்ளேயே நின்றிருந்தேன்" என்றார்.

பெயர் கேட்க மறந்துவிட்டேன். பரவாயில்லை, ஸ்டூல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.